ஒரு சிறைக் கழிப்பறை டெண்டரும் நமது நான்கு விழுக்காடும்

நான் வேலை செய்யும் பகுதியில் ஓர் அண்ணன் இருக்கிறார். பதினெட்டு வயதில் கட்டட வேலைக்குப் போனவர். இன்று நாற்பத்தைந்து வயது. அந்த வட்டாரத்தில் போட்ட சிமென்ட் சாலை, வடிகால், அங்கன்வாடிக் கட்டடம் என்று அவர் கை படாத வேலை குறைவு. ஆனால் ஒரு வேலைகூட அவர் பெயரில் நடந்ததில்லை. டெண்டர் எடுப்பவர் வேறொருவர். இவருக்கு வருவது 'சப்'. எடுத்தவர் தன் பங்கைக் கழித்துக்கொள்வார். மிச்சப் பணத்தில் இவர் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும்.

"நீங்களே பதிவு பண்ணி எடுக்கலாமே அண்ணே?" என்று கேட்டேன். சிரித்தார். "சொத்து மதிப்புச் சான்று கேப்பாங்கம்மா. காலனி வீட்டுப் பட்டாவ வச்சு எவ்வளவு காட்ட முடியும்? இதுக்கு முன்னாடி இத்தனை லட்சத்துக்கு வேலை செஞ்சதா சர்டிபிகேட் கேப்பாங்க. செஞ்சது பூரா நான்தான். சர்டிபிகேட் அவங்க பேருல இருக்கு."

சென்ற மாதம் மாணவர்களோடு பேசும்போது இதைச் சொன்னேன். ஒரு தம்பி உடனே கேட்டார்: "அரசு கான்ட்ராக்ட்டுல நமக்குப் பங்கு வேணும்னு சட்டம் போட்டா, டெண்டர் கிடைக்காத கம்பெனி கோர்ட்டுக்குப் போகாதா அக்கா? கோர்ட்டுல அது நிக்குமா?"

நல்ல கேள்வி. கம்பெனி கோர்ட்டுக்குப் போகும். போயிருக்கிறது. அப்படிப் போன ஒரு வழக்கை நாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அது நம் நாட்டு வழக்கு அல்ல. ஆனால் நம் கோரிக்கைக்கும் அந்த நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 2002 ஜனவரியில் போபாலில் கூடிய தலித் அறிவாளர்கள் வெளியிட்ட போபால் பிரகடனம், அரசுக் கொள்முதலிலும் ஒப்பந்தங்களிலும் தலித்துகளுக்குப் பங்கு கேட்டது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற ஒப்பந்தப் பங்குதான் அதற்கு முன்மாதிரி. முன்மாதிரியை எடுத்துக்கொண்ட நாம், அது நீதிமன்றத்தில் எப்படி அடிபட்டது என்பதையும் படிக்க வேண்டும் அல்லவா?

ரிச்மண்ட், 1983

அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத் தலைநகர் ரிச்மண்ட். அடிமை முறையைக் காப்பாற்றப் போர் தொடுத்த தென்மாகாணக் கூட்டமைப்புக்கு ஒரு காலத்தில் இதுதான் தலைநகர். 1980களில் அந்த நகரத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் கறுப்பின மக்கள். 1978 முதல் 1983 வரையிலான ஐந்தாண்டுகளில் நகர நிர்வாகம் கொடுத்த கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மை இனத்தவரின் நிறுவனங்களுக்கு நேரடியாகக் கிடைத்தது எவ்வளவு தெரியுமா? 0.67 விழுக்காடு. நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. அந்த ஊர்க் கட்டுமான ஒப்பந்ததாரர் சங்கங்களில் கறுப்பின உறுப்பினர் கிட்டத்தட்ட யாருமே இல்லை.

1983இல் நகர மன்றம் ஒரு விதி கொண்டுவந்தது. கட்டுமான ஒப்பந்தம் எடுப்பவர், ஒப்பந்தத் தொகையில் 30 விழுக்காட்டுக்குக் குறையாத வேலையைச் சிறுபான்மை இனத்தவரின் நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும். இது முன்மாதிரி இல்லாத விதி அல்ல. 1977இல் அமெரிக்க நாடாளுமன்றமே பொதுப்பணிகளில் 10 விழுக்காடு ஒதுக்கியிருந்தது. அதை உச்ச நீதிமன்றம் 1980இல் ஏற்றும் இருந்தது. ஆகவே தங்கள் விதியும் நிற்கும் என்று ரிச்மண்ட் நம்பியது.

அதே ஆண்டு நகரச் சிறைச்சாலைக்குக் கழிப்பறைச் சாதனங்கள் பொருத்த டெண்டர் விட்டார்கள். ஒப்பந்தப்புள்ளி போட்டது ஒரே ஒரு நிறுவனம்: ஜே.ஏ. குரோசன் கம்பெனி. 30 விழுக்காடு விதியை நிறைவேற்ற, சாதனங்களைச் சிறுபான்மை இனத்தவரின் நிறுவனத்திடம் வாங்க வேண்டும். உள்ளூரில் அப்படி ஒரு நிறுவனம் இருந்தது. செய்து தருகிறேன் என்று முன்வந்தது.

அந்தச் சிறு நிறுவனத்துக்கு என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். சாதனங்களின் விலை கேட்டு இரண்டு இடங்களை அணுகியது. ஓரிடத்தில், குரோசனுக்கு ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டோம், உனக்குத் தர முடியாது என்றார்கள். இன்னோரிடத்தில், உன்னை எங்களுக்குத் தெரியாது, உன் பண நாணயத்தைச் சரிபார்க்கக் குறைந்தது 30 நாள் ஆகும் என்றார்கள். ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாளோ வந்துவிட்டது. பிறகு ஒருவழியாக அது கொடுத்த விலை, குரோசன் தன் ஒப்பந்தப்புள்ளியில் போட்டிருந்த விலையைவிட 6,183 டாலர் கூடுதலாக இருந்தது. எனக்கு விதிவிலக்குக் கொடு, இல்லையென்றால் தொகையைக் கூட்டிக் கொடு என்றது குரோசன். நகர நிர்வாகம் இரண்டையும் மறுத்து, மறு டெண்டர் விடப்போவதாக அறிவித்தது. குரோசன் நீதிமன்றம் போனது.

"உன்னை எங்களுக்குத் தெரியாது." நம் அண்ணனிடம் கேட்கப்படும் சொத்து மதிப்புச் சான்றும் முன் அனுபவச் சான்றும் இதைத்தானே வேறு சொற்களில் சொல்கின்றன? இங்கே யாரும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டவில்லை. எந்தப் பலகையிலும் 'உள்ளே வராதே' என்று எழுதவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சொத்தும் கடனும் அறிமுகமும் யாரிடம் சேர்ந்திருக்கிறதோ அவர்களுக்கு அன்றே விலை கிடைக்கும். மற்றவர்கள் 30 நாள் காத்திருக்க வேண்டும். சந்தை இப்படித்தான் ஒதுக்குகிறது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 1989 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாக, ரிச்மண்டின் விதியைச் செல்லாது என்றது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர்.

அவர் சொன்ன காரணங்களைச் சுருக்கித் தருகிறேன்.

ஒன்று, சமூகத்தில் பொதுவாகப் பாகுபாடு இருந்தது என்று சொன்னால் போதாது. ரிச்மண்டில், கட்டுமானத் தொழிலில், யார் எப்படி ஒதுக்கப்பட்டார்கள் என்று காட்ட வேண்டும்.

இரண்டு, மக்கள்தொகையில் பாதி, ஒப்பந்தத்தில் 0.67 என்று ஒப்பிடுவது தவறு. ஒப்பந்தம் எடுக்கத் தகுதியுள்ள சிறுபான்மை நிறுவனங்கள் எத்தனை என்ற எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த எண் நகரத்திடம் இல்லை.

மூன்று, ஒப்பந்ததாரர் சங்கங்களில் கறுப்பினத்தவர் இல்லை என்பதும் சான்றாகாது. அவர்கள் வேறு தொழில்களை விரும்பியிருக்கலாம்.

நான்கு, விதியின் பயனாளிகள் பட்டியலில் அலாஸ்காவின் எஸ்கிமோ, அலூட் மக்கள்கூட இருந்தார்கள். ரிச்மண்டில் அவர்கள் ஒதுக்கப்பட்டதற்கு ஓர் ஆதாரமும் இல்லை.

ஐந்து, பிணைத்தொகையைத் தளர்த்துவது, டெண்டர் நடைமுறையை எளிமையாக்குவது போன்ற வேறு வழிகளை நகரம் முயன்று பார்க்கவில்லை.

இன்னொன்றையும் அவர் குறிப்பிட்டார். நகர மன்றத்தின் ஒன்பது உறுப்பினர்களில் ஐந்து பேர் கறுப்பினத்தவர். பெரும்பான்மை பெற்ற இனம் தனக்குத்தானே சலுகை கொடுத்துக்கொண்டதோ என்ற ஐயம் அதில் தொனித்தது. நூறாண்டுகளுக்கும் மேலாக வெள்ளையர் பெரும்பான்மையே முடிவெடுத்தபோது எழாத ஐயம், ஐந்து கறுப்பு நாற்காலிகள் வந்ததும் எழுகிறது. நம் ஊராட்சித் தலைவர்களைக் கேளுங்கள். இதன் சுவை அவர்களுக்குத் தெரியும்.

மாறுபட்டுத் தீர்ப்பு எழுதியவர் தர்குட் மார்ஷல். 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த வழக்கில் வாதாடிய வழக்கறிஞர், பிறகு அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. மிச்சமிருக்கும் பாகுபாட்டைச் சரிசெய்யும் முயற்சியையே இந்தத் தீர்ப்பு முடக்குகிறது என்று அவர் கடுமையாக எழுதினார். அவர் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. 'தகுதியுள்ளவர் எத்தனை பேர்' என்று கேட்பதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. முதலில் கதவை மூடி ஒருவரைத் தகுதி பெறவிடாமல் செய்கிறோம். பிறகு தகுதி பெற்றவர் குறைவு என்று காட்டி, ஆகவே பாகுபாடு இல்லை என்கிறோம். அனுபவம் நம் அண்ணனிடம் இருக்கிறது, சான்று வேறொருவரிடம் இருக்கிறது. நீதிமன்றம் சான்றை மட்டும் எண்ணினால் அவர் இல்லாத மனிதர் ஆகிவிடுகிறார்.

நம் பக்கத்துத் தவறு

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் இது ஒரு புலம்பல்தான். நாம் கற்க வேண்டியது ரிச்மண்ட் செய்த தவறிலிருந்து.

எஸ்கிமோ மக்கள் அந்தப் பட்டியலில் எப்படி வந்தார்கள்? ஒன்றிய அரசின் சட்டத்திலிருந்த வரையறையை நகரம் அப்படியே நகலெடுத்திருந்தது. தன் ஊரில் எத்தனை சிறுபான்மை நிறுவனங்கள் இருக்கின்றன, எத்தனை ஒப்பந்தப்புள்ளி போட்டன, துணை ஒப்பந்தத்தில் அவர்களுக்கு எவ்வளவு போனது என்ற கணக்கு கையில் இல்லை. கோரிக்கையில் நியாயம் இருந்தது, கோப்பில் கணக்கு இல்லை. வழக்குத் தொடுப்பவருக்கு அந்த ஓட்டை போதும். ஒரு கழிப்பறை டெண்டரில் 6,183 டாலர் கூடுதல் செலவைத் தவிர்க்க நினைத்த கம்பெனியின் வழக்கு, நாடு முழுக்க நகரங்களும் மாகாணங்களும் வைத்திருந்த இதுபோன்ற விதிகளை ஆட்டிவைத்தது.

அதே தீர்ப்பு ஒரு சன்னலையும் திறந்து வைத்திருந்தது. தகுதியும் விருப்பமும் உள்ள சிறுபான்மை நிறுவனங்களின் எண்ணிக்கைக்கும் அவை பெறும் வேலைக்கும் பெரிய இடைவெளி இருந்தால், பாகுபாடு நடந்ததாகக் கொள்ளலாம் என்றது. 1989க்குப் பிறகு அமெரிக்க நகரங்கள் அந்த இடைவெளியை அளக்கும் ஆய்வுகளைச் செய்யத் தொடங்கியதும், அவற்றை வைத்துப் புதிய விதிகள் எழுதியதும் அதனால்தான்.

இங்கே என்ன நிலை?

அமெரிக்க நீதிமன்றத்தின் அளவுகோல் இந்தியாவுக்கு அப்படியே பொருந்தாது. 2008இல் அசோக் குமார் தாக்கூர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமே அதைச் சொல்லியிருக்கிறது. பட்டியல் சாதியினர் ஒதுக்கப்பட்டவர்கள் என்பதை நாம் ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டமே அதை ஏற்றிருக்கிறது. பிரிவு 15(4), பிரிவு 46 இரண்டும் நமக்குத் துணை.

ஆனால் 'கணக்கு எங்கே?' என்ற கேள்வி இங்கேயும் வந்துவிட்டது. பதவி உயர்வு இட ஒதுக்கீட்டில் 2006இல் நாகராஜ் வழக்குத் தீர்ப்பு அதைக் கேட்டது. கர்நாடகத்தின் பதவி உயர்வுச் சட்டம் கணக்கு இல்லை என்பதாலேயே 2017இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. கர்நாடகம் என்ன செய்தது? ரத்னபிரபா குழுவை அமைத்துத் துறை வாரியாக எண்ணியது. அந்தக் கணக்கை அடிப்படையாக வைத்து 2018இல் மறுபடி சட்டம் போட்டது. 2019இல் அதே உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதே மாநிலம், அதே கோரிக்கை. நடுவில் கூடியது கணக்கு.

அதே கர்நாடகம்தான் அரசு ஒப்பந்தப் பணிகளிலும் நமக்கு வழி காட்டுகிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் ஒதுக்கிச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. பிறகு வரம்பை ஒரு கோடியாக உயர்த்தியது.

ஒன்றிய அரசு 2012 முதல் ஒரு கொள்முதல் கொள்கை வைத்திருக்கிறது. அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்கும் பொருள், சேவையில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆணையிலேயே ஒரு வரி இருக்கிறது: அப்படிப்பட்ட நிறுவனங்கள் டெண்டரில் கலந்துகொள்ளாவிட்டால், அல்லது நிபந்தனையையும் குறைந்த விலையையும் எட்டாவிட்டால், அந்த 4 விழுக்காட்டை மற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிக்கொள்ளலாம். 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதிப் பணியிடத்தை மாற்றும் பழைய தந்திரம் இங்கே வேறு உடையில் நிற்கிறது. உண்மையில் நடந்த கொள்முதல் பல ஆண்டுகளாக இலக்குக்கு வெகு கீழேயே இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் இருக்கிறது. டெண்டர் கிடைக்காதவர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். யார் செய்யலாம்? ஒப்பந்தப்புள்ளி போட்டவர். போட முடியாதபடி வாசலிலேயே நிறுத்தப்பட்டவருக்கு அந்தக் கதவு இல்லை.

வாசலில் நின்றவர் ஒருவர் நம் நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார். 1977இல் பம்பாய் விமான நிலையத்தில் உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த டெண்டர். ஐந்தாண்டு அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு உணவகத்தார் மட்டுமே போடலாம் என்பது நிபந்தனை. ஆனால் அந்தத் தகுதி இல்லாத ஒருவருக்கே ஒப்பந்தம் போனது. ரமணா தயாராம் ஷெட்டி என்பவர், தகுதி வேண்டாம் என்று தெரிந்திருந்தால் நானும் போட்டிருப்பேனே என்று வழக்குத் தொடுத்தார். 1979இல் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பில், தாமதமாக வந்தார் என்பது உள்ளிட்ட காரணங்களால் அவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. ஆனால் அரசு தான் வகுத்த நிபந்தனையைத் தானே மீறக்கூடாது, தன் விருப்பப்படி யாருக்கும் ஒப்பந்தத்தைத் தூக்கிக் கொடுக்க முடியாது என்ற நெறியை அந்தத் தீர்ப்புதான் உறுதியாக்கியது. தோற்ற மனிதரின் வழக்கிலிருந்து எல்லோருக்குமான உரிமை வந்தது. இந்த நெறி நமக்கும் ஆயுதம். அனுபவ நிபந்தனையை வேண்டியவருக்குத் தளர்த்திவிட்டு, வேண்டாதவருக்கு இறுக்கினால் அது பிரிவு 14க்கு எதிரானது.

சில தோழர்கள் கேட்பது

"நாலு தலித் கான்ட்ராக்டர் உருவானால் தூய்மைப் பணியாளருக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. ஒப்பந்தப் பங்கு சாதியை ஒழிக்காது. நம் பெயரில் ஒரு பினாமியை நிறுத்திப் பழைய ஆளே பணம் பார்க்கவும் வழி இருக்கிறது. தலித் முதலாளி குறைந்த கூலி கொடுத்தால் அதுவும் சுரண்டல்தான். ஆகவே பங்கு கேட்கும்போதே, ஒப்பந்தத்தில் சட்டப்படியான கூலியும் வைப்பு நிதியும் பாதுகாப்புக் கருவியும் நிபந்தனையாக வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

ஆனால் இதையும் யோசியுங்கள். அரசு ஒப்பந்தம் என்ற ஏணியில் நமக்கு இப்போதே ஓர் இடம் இருக்கிறது, கடைசிப் படி. சாக்கடை அள்ளுபவர், குப்பை வண்டி தள்ளுபவர், தார் கொட்டுபவர் யார்? அங்கே 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. மேலே ஏறும் படியில் மட்டும் சான்று கேட்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது

தம்பி, தங்கைகளே, வழக்கு வந்த பிறகு கணக்குத் தேடினால் ரிச்மண்டின் கதைதான் நமக்கும். சட்டம் வருவதற்கு முன்பே எண்ண வேண்டும். அதை நாம் செய்யலாம்.

உங்கள் ஊராட்சி ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் விடப்பட்ட டெண்டர்கள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் வந்த ஒப்பந்தப்புள்ளிகள் எத்தனை, நிராகரிக்கப்பட்டவை எத்தனை, என்ன காரணத்துக்காக? பதிவு பெற்ற ஒப்பந்ததாரர்கள் வகுப்பு வாரியாக எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்கு 'அந்த விவரம் பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். எண்ண மறுப்பதும் ஒரு சான்று.

அடுத்தது, கோப்பில் இல்லாதவர்களின் கணக்கு. காலனிகளுக்குப் போங்கள். 'சப்' எடுத்து வேலை செய்யும் மேஸ்திரிகளைச் சந்தியுங்கள். எந்த ஆண்டு, எந்தச் சாலை, யார் பெயரில் டெண்டர், கைக்கு வந்தது எவ்வளவு, பதிவு செய்யப் போனபோது எந்தச் சான்றில் தடுக்கப்பட்டார்கள்? அவர்கள் சம்மதத்தோடு எழுதி வாங்குங்கள். ஓ'கானர் கேட்டாரே, தகுதியும் விருப்பமும் உள்ளவர் எத்தனை பேர் என்று, அந்த எண் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. காலனித் தெருக்களில்தான் இருக்கிறது.

முதல் பெயரை நான் எழுதிவிட்டேன். அந்த அண்ணனோடு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கேட்டேன். நினைவிலிருந்தே 31 வேலைகளைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, தெரு, எத்தனை மூட்டை சிமென்ட் என்பது வரை. அரசின் அளவுப் புத்தகம் ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. இப்போது நம் நோட்டில் இருக்கிறது.

ஜெய் பீம்.